பவுனை வெள்ளையாக்குமுன்

பதுளையிலும் பண்டாரவளையிலும் மஞ்சள் நகையைக் கொடுத்து வெள்ளைத் தங்கமாக்கித் தரச் சொல்கிறவர்கள் இப்போது அதிகம். ஊவா தோட்டப்புறத்தில் நகை அலங்காரம் மட்டுமல்ல, சேமிப்பும் அதுதான். அவசரத்துக்கு வங்கிக்குப் போவது கழுத்துச் சங்கிலி. அதனால் நான் சொல்வது ஒன்றே: பவுன் நகையை உருக்க வேண்டாம். ஆசையிருந்தால் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசுங்கள், அதுவும் அதிகம் உரசாத நகைக்கு மட்டும். 22 கரட் பவுனில் 91.6 சதவீதம் தங்கம். மிச்சமுள்ள எட்டுச் சொச்சத்தில் எதைக் கலந்தாலும் மஞ்சள் முழுதாகப் போகாது. கடையில் விற்கும் வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் 18 கரட், அதாவது 75 சதவீதத் தங்கத்தோடு பலேடியமோ நிக்கலோ சேர்ந்த கலவை. எட்டுக் கிராம் பவுனில் ஏறக்குறைய 7.3 கிராம் சுத்தத் தங்கம் உண்டு. அதையே 18 கரட்டாக்கினால் நகை 9.8 கிராம் வரை கனக்கும். எடை கூடினாலும் தங்கம் கூடவில்லை. “தங்கம் உள்ளேதானே இருக்கிறது, என்ன நட்டம்?” என்று கேட்கலாம். செய்கூலியும் சேதாரமும் உங்கள் கையிலிருந்து போகும். பலேடியத்துக்குக் கொடுத்த காசு விற்கும்போது திரும்புவது அரிது. அடகுக்குப் போனால் கரட் குறைந்த நகைக்குக் கிராமுக்குக் கிடைப்பதும் குறைவு.

பூச்சில் இந்தச் சிக்கல் இல்லை. நகையை நன்றாகக் கழுவி எண்ணெய்ப்பசை நீக்கி, ரோடியக் கரைசலில் தொங்கவிட்டு, சில வோல்ட் மின்சாரம் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வெள்ளை ஏறிவிடும். அந்தப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். “ரோடியம் கடினமான உலோகமாயிற்றே, தேயுமா?” என்றால், கடினம்தான், ஆனால் இத்தனை மெல்லியது தினமும் உரசினால் தாங்காது. கொழுந்து பறிக்கும் கையிலுள்ள மோதிரத்தில் உள்ளங்கைப் பக்கம்தான் முதலில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். கடை வெள்ளைத் தங்கத்துக்கும் பெரும்பாலும் இதே பூச்சுத்தான். அடியிலுள்ள கலவை வெளிர்நிறம் என்பதால் தேய்ந்தது சட்டென்று தெரிவதில்லை. பவுனில் மஞ்சள் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே மோதிரம், காப்பு வேண்டாம்; தோடும் பதக்கமும் பூசலாம். மறுபடி பூசுமுன் பொலிஷ் போடுவார்கள், அதில் ஒவ்வொரு முறையும் துளித் தங்கம் போகும். அடிக்கடி பூசுவது நல்லதல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

தோடு கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அடியில் நிக்கல் படலம் போடுகிறார்களா? நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது அரித்துப் புண்ணாகும். அடுத்தது கல். பின்புறம் மூடி, உள்ளே பளபளப்புத் தாள் வைத்துக் கட்டிய பழைய கல்தோட்டில் கரைசல் புகுந்தால் கல் கறுத்துப்போகும். முத்தையும் அந்தக் கரைசலிலுள்ள அமிலம் அரித்துவிடும். அவற்றைக் கொடுக்கவே கூடாது. பூசிய நகையைப் பற்பசையாலோ சாம்பலாலோ தேய்க்காமல், வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் மெல்லிய தூரிகையால் கழுவித் துடையுங்கள். துணி வெளுக்கும் குளோரின் பக்கம் போகும்போது கழற்றிவிடுங்கள். தேய்ந்த இடத்தில் அது பற்றவைத்த மூட்டுகளைப் பழுதாக்கும். மற்ற நகைகளோடு போடாமல் தனித் துணிப்பையில் வையுங்கள். ரசீதில் ‘22 கரட், ரோடியம் பூச்சு’ என்று எழுதி வாங்குங்கள். அடகு வைக்கும் இடத்தில் உரைகல்லில் முதலில் விழுவது வெள்ளைக் கோடாக இருக்கும்போது அந்தத் துண்டுக் கடதாசிதான் உதவும்.