ஐந்தாவது ஆள்

பரமத்தி வேலூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாதான் வெற்றிலை பறிக்க ஆள் கிடைக்காமல் கொடிக்காலுக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்.

உங்கம்மா வந்து விஷயத்தைச் சொன்னாள். அவள்மேல் கோபப்படாதே. நீ ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஃபோனில் பேசினால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறாய் என்ற கவலையில்தான் சொன்னாள். மீதியை உன் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ ராத்திரி ராத்திரி ஃபோனில் பி.ஜி.எம்.ஐ. கேம் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த பையன்கள் டிஸ்கார்டில் புதிதாக ஒரு குரூப் போட்டுக்கொண்டார்கள், உன்னைச் சேர்க்கவில்லை, யாரோ போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத்தான் உனக்கே தெரிந்தது என்றான். "கேம்தானே, விட்டுத் தொலை" என்று உன் அப்பா சொன்னாராம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விளையாட்டை வைத்துச் சம்பளம் வாங்கி வாழ்ந்தவன் நான். சேர்த்துக்கொள்ளாமல் விட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பையன்களின் முகத்தில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

அந்த வலியைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கிப்ளிங் வில்லியம்ஸ் என்று ஓர் உளவியல் பேராசிரியர். 1980களில் ஒருநாள் தன் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே வட்டத்தட்டு வீசி ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரின் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்கள் திரும்ப இவருக்கே வீச, கொஞ்ச நேரம் மூவரும் ஆடினார்கள். பிறகு அந்த இருவரும் காரணம் சொல்லாமல் இவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் ஆடத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், சில நிமிட ஆட்டம். ஆனாலும் மனது அடிபட்டுப் போனது. அதையே அவர் ஆராய்ச்சியாக்கினார். பிற்பாடு அது கம்ப்யூட்டருக்கு வந்தது. திரையில் மூன்று பேர் பந்து போட்டுப் பிடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் உனக்குப் பந்து வருவது நின்றுவிடும். அவ்வளவுதான் ஆட்டம். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் என்பவர் வில்லியம்ஸோடு சேர்ந்து, இதை ஆடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். உடம்பில் வலிக்கும்போது வேலை செய்கிற பகுதிகளில் ஒன்று, பந்து வராதபோதும் வேலை செய்தது என்று எழுதினார்கள். ஆகவே, உனக்கு வலிப்பது பொய்யல்ல. சின்ன விஷயத்துக்கு மனதை அலட்டிக்கொள்கிறாய் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எதிரே இருப்பது மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர்தான் ஆடுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டும் ஆடவைத்தார்கள். அப்போதும் வலித்தது. கு க்ளக்ஸ் க்ளான் என்ற அமெரிக்க நிறவெறிக் கூட்டத்தின் ஆட்கள்தான் எதிரே ஆடுகிறார்கள் என்று சொல்லியும் பார்த்தார்கள். தாங்கள் அருவருக்கிற அந்தக் கூட்டம் பந்து போடாதபோதும் ஆட்களுக்கு மனது வலித்தது. இதைப் படித்த நாளிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை, மாப்பிள்ளை. யார் விலக்குகிறார்கள், எதற்கு விலக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிற வலி இல்லை இது. எந்த வாசல் சாத்தினாலும் வரும். வலிக்கிறது என்பது உண்மை. அதை வைத்து, அவர்கள் உன்னை வெறுக்கிறார்கள் என்றோ நீ ஆகாதவன் என்றோ முடிவுக்கு வரமுடியாது. நீ அந்த முடிவுக்கு வந்துவிட்டாய் என்று தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன்.

விலக்குகிறவன் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு, என்னிடம் கபடி அணித் தேர்வுக்கு வந்த பையன்களைச் சொல்கிறேன். களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்கள் ஐந்து பேர், ஆகப் பன்னிரண்டு. வந்து நிற்கிறவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. விட்டுப்போனவர்களில் எனக்குப் பிடிக்காத பையன் என்று யாரும் இருந்ததில்லை. இடது மூலைக்கு ஏற்கெனவே ஆள் இருப்பான், அல்லது சாயங்காலப் பயிற்சிக்கு நிற்கமுடியாமல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனாக இருப்பான். விட்டுப்போன பையனோ, சாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான். பக்கத்தில் வந்து கேட்டவனுக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவனிடம் நானாகப் போய்ச் சொன்னது அபூர்வம். ஒருவனை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்து ஏன் என்று சொல்வது விடுகிறவனுக்கும் தர்மசங்கடம்தான். உன் கூட்டாளிகளும் இருபது வயதுப் பையன்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி இந்தச் சங்கடமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

நீ ஆடுகிற ஆட்டத்தையும் பார். நூறு பேர் குதிக்கிறார்கள், ஆனால் ஸ்குவாட்டுக்கு நாலே பேர். கபடியில் வெளியே உட்கார்ந்தவனுக்கும் ஜெர்சி உண்டு, பேர் உண்டு, ஆட்டத்தின் நடுவிலும் உள்ளே கூப்பிடுவார்கள். இதில் பெஞ்ச் கிடையாது. ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் ஒருவன் லாபிக்கு வெளியே நின்றுதான் ஆகவேண்டும். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஆட்டத்தின் அமைப்பு அது. இன்னொன்று, உன் ஹாஸ்டலில் நெட் பாதியில் போய்விடும் என்று நீயே பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். ரேங்க் ஏற்றத் துடிக்கிறவனுக்கு நடுவில் காணாமல் போகிற ஆள் பெரிய தொல்லை. இதெல்லாம் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யூகத்தில் உழல்வதைவிடக் கேட்டுவிடுவது மேல்.

கேட்பதற்கு முறை உண்டு. எல்லோரும் இருக்கிற இடத்தில் கேட்காதே. நாலு பேர் பார்க்க ஒருவனைக் கேள்வி கேட்டால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவான், உண்மை வராது. அந்தக் கூட்டத்தில் உன்னோடு அதிகம் பேசுகிறவன் யாரோ, அவன் ஒருவனுக்கு மட்டும் எழுது. "புது குரூப்ல நான் இல்லைன்னு பாத்தேன்டா, கஷ்டமா இருந்துச்சு. எனக்கு உங்ககூட ஆடணும். வாரத்துல ஒரு நாளாவது இடம் இருக்குமா? இல்லைன்னா அதையும் நேரா சொல்லிரு." இவ்வளவு போதும். பழைய கணக்கு எதையும் கிளறாதே. அனுப்பிவிட்டு ஃபோனைப் பைக்குள் வை. நீல டிக் வந்ததா என்று பார்த்துக்கொண்டே உட்காராதே.

செய்யக்கூடாதவற்றில் இரண்டை உன் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். வேறு பேரில் ஐ.டி. போட்டு அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க நினைத்தாயாம். வேண்டாம். உனக்கு இல்லாத இடத்தில் ஒளிந்து நின்று கேட்கிற எந்தப் பேச்சும் உன்னைத் தூங்கவிடாது. இரண்டாவது, அதில் ஒருவனுக்கு யூ.சி. என்கிற கேம் காசை வாங்கிப் பரிசாக அனுப்பினாயாம். உன் அப்பா வெற்றிலை விற்று அனுப்புகிற பணம் அது. அதைவிட, பணம் கொடுத்து வாங்கிய இடம் பணம் நின்ற அன்றே போய்விடும். இனி ஒரு ரூபாய்கூட அப்படிச் செலவு செய்யாதே. இது அறிவுரை இல்லை, கண்டிப்பு.

இடமில்லை என்று பதில் வந்தால் இரண்டு நாள் வலிக்கும், வலிக்கட்டும். அப்புறம், உன்னைப் போலவே ஐந்தாவதாக நிற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களில் மூன்று பேரைத் தேடு. ரேண்டமில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும்போது கெட்ட வார்த்தை பேசாமல், அடிபட்டு விழுந்த உன்னைத் தூக்கிவிட வந்தவன் எவனோ அவனுக்கு ரிக்வெஸ்ட் கொடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீயே கஸ்டம் ரூம் போட்டு நடத்து. ரூம் போடுகிறவனை யாரும் வெளியே நிறுத்தமுடியாது. ஒன்றை மட்டும் மறக்காதே: நீ தொடங்குகிற குரூப்பில் ஐந்தாவதாக வருகிறவனுக்கு என்ன ஏற்பாடு என்பதை முதல் நாளே பேசி வைத்துவிடு. முறை வைத்து ஆடுங்கள். அவனிடம் சொல்லாமல் புது குரூப் போடாதீர்கள்.

விலக்கியது உன் சாதிக்காகவோ, ஊருக்காகவோ, நம் கொங்குப் பேச்சைக் கிண்டலடிப்பதற்காகவோ என்று தெரியவந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. அப்படிப்பட்டவர்களிடம் இடம் கேட்கவும் வேண்டாம், விளக்கம் கேட்கவும் வேண்டாம். ரிப்போர்ட் அடித்துவிட்டு வெளியே வா.

கூட்டம் கலைவது உனக்குப் புதிதல்ல, உனக்கே ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது நீ பள்ளிக்கூடப் பையன். அடுத்த வருடம் ஜூலையில் அது பி.ஜி.எம்.ஐ. என்று வந்தது. 2022 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டு, 2023 மே மாதம்தான் திரும்ப விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை கூட்டம் கலைந்திருக்கும். அப்போது உனக்கு மிஞ்சியது யார் என்று யோசித்துப் பார். யாருடைய நம்பர் உன்னிடம் இருந்ததோ, யார் "எப்படிடா இருக்கே" என்று கேட்டானோ, அவன்தான். அவன் எந்த ஊரில் இருந்தாலும் சரி, இன்றைக்கே ஒரு ஃபோன் போடு. அவனுக்கும் இப்போது ஆள் தேவையாக இருக்கலாம்.

கடிதம் கிடைத்ததும் அந்தச் செய்தியை அனுப்பிவிடு. சரி என்று வந்தாலும், இல்லை என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கூப்பிடு. அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு, உங்கம்மாவிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசு.

அன்புடன்,
உன் மாமன்