காகம் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருக்கும்?

தங்கச்சிமாரே, லண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இலக்கணச் சந்தேகம் அல்ல. "அக்கா, இந்தப் பிள்ளை நாலு கிழமையா வாயே திறக்குதில்லை." "அந்தப் பெடியன் எல்லாரையும் தள்ளி விழுத்துறான். தாயிட்ட சொன்னா அடி விழுமோ எண்டு பயமாக் கிடக்கு." இப்படித்தான் கேட்கிறீர்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் பார்க்கும் பிள்ளையின் வீட்டு நிலவரம் நமக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், அம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட். ஊரில் அம்மம்மா செத்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்து, அழுதுவிட்டு, அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போயாகிவிட்டது. ஹோம் ஆபிஸ் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்து விளங்கப்படுத்துவது ஒன்பது வயதுப் பிள்ளை. நேரே கேட்டால் "ஒண்டுமில்லை டீச்சர்" என்று வரும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது.

கதை சொன்னால் வரும். ஆனால் நாம் கதை சொல்லிப் பழகிய விதத்தில் ஒன்றை மாற்றியாக வேண்டும்.

நீதியை வெட்டுங்கள்

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி முடித்ததும் "இதிலயிருந்து என்ன தெரியுது பிள்ளையள்?" என்று கேட்போம். எல்லோரும் ஒரே குரலில் ஒரு நீதியைச் சொல்ல, அதைப் பலகையில் எழுதி, கொப்பியில் பார்த்தெழுத வைப்போம். ஏமாந்த காகத்தின் பக்கம் யாரும் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரிடமோ எதையோ பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நீதி என்ன சொல்கிறது? பிழை உன்னுடையது என்கிறது. பிறகு அது ஏன் வாய் திறக்கப் போகிறது?

நீதியை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சரி, வடை போயிட்டுது. காகம் வீட்டுக்குப் போய் அம்மாட்ட என்ன சொல்லியிருக்கும்?"

எங்கள் வகுப்பில் கேட்டபோது முதலில் பகிடிதான். "கேஎஃப்சி வாங்கித் தாங்கோ எண்டு சொல்லும்" என்றான் ஒருவன். சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அது சொல்லாது. பசிக்கேல்லை எண்டு சொல்லிட்டுப் படுத்திடும்." (அடையாளம் தெரியாதிருக்கச் சிலதை மாற்றியே எழுதுகிறேன்.) அந்த இடத்தில் "ஏன் அப்பன், உனக்கும் அப்பிடி நடந்ததோ?" என்று கேட்க நாக்கு துடிக்கும். விழுங்கிவிடுங்கள். கேட்டீர்களோ, வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். பிள்ளை ஓட்டுக்குள் போய்விடும். காகத்தைப் பற்றியே கேளுங்கள். "பசிக்கேல்லை எண்டா அம்மாக் காகம் நம்பிடுமோ?" என்றேன். "நம்பாது. ஆனா அதுக்கு வேலைக்குப் போக நேரமாச்சு." "அப்ப வேற ஆருக்குத் தெரியும்?" "மரத்துக்குத் தெரியும்."

அதற்குள் மற்றப் பிள்ளைகள் காகத்துக்கு யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆந்தையிடம் சொல், அணிலைக் கூட்டிக்கொண்டு போ, நரி வரும் நேரத்தில் வேறு மரத்தில் இரு. சொன்ன பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. கிடைத்த புத்திமதி முழுக்க அதற்குத்தான். வகுப்பு முடிந்ததும் நான் செய்ததைப் பின்னால் சொல்கிறேன்.

குரங்கும் முதலையும் கதையையும் இப்படிப் பயன்படுத்தலாம். இதயத்தை மரத்திலேயே விட்டுவந்தேன் என்று குரங்கு சொல்லும் இடத்தில் நிறுத்தி, "நீங்கள் குரங்கெண்டா எந்த மரத்தில வச்சிட்டு வந்திருப்பீங்கள்?" என்று கேளுங்கள். இப்போது இத்தாலியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் லண்டனுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூடம், பழைய சிநேகிதர், மூன்றாவது மொழி. அவர்கள் சொல்லும் மரங்களை வைத்தே பாதி விளங்கிவிடும்.

சொல்வதை எழுதுங்கள், திருத்தாதீர்கள்

நம் கதையைப் பிள்ளைக்குச் சொல்வது ஒன்று. பிள்ளையின் கதையை நாம் கேட்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். சிகாகோவில் பாலர் வகுப்பு நடத்திய விவியன் கசின் பேலி (1929–2019) என்ற ஆசிரியை இதற்கொரு முறையை வைத்திருந்தார். பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் அப்படியே எழுதுவார். பிறகு வகுப்பே அதை நடிக்கும். தன்னை எப்போதும் ஹெலிகாப்டராகவே பாவித்துக்கொண்டு தனியே இருந்த ஒரு பையனைப் பற்றி 1990இல் அவர் எழுதிய புத்தகம் பெயர்பெற்றது. லண்டனில் ட்ரிஷா லீ தொடங்கிய மேக்பிலீவ் ஆர்ட்ஸ் நிறுவனம் அதே முறையை 'ஹெலிகாப்டர் ஸ்டோரீஸ்' என்ற பெயரில் இங்குள்ள பாலர் வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது.

செய்வது சுலபம். கொப்பியில் பாதி அளவுள்ள ஒரு தாள், ஒரு பேனை. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி "ஒரு கதை சொல்லுங்கோ" என்று கேட்டு, வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். தாளின் ஒரு பக்கம் நிரம்பினால் கதை முடிந்தது. "பெயார் ஆங்ரி ஆயிட்டுது, டோரை அடிச்சு உடைச்சுப் போட்டுது" என்றால் அதுதான் வசனம். கரடிக்குக் கோபம் வந்தது என்று மாற்றாதீர்கள். ணகர னகரச் சோலி அடுத்த கிழமைக்கு. எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, "சரியோ?" என்று கேளுங்கள். பிறகு நிலத்தில் ஒட்டு நாடாவால் ஒரு சதுரம் போட்டு, சுற்றி இருக்கும் பிள்ளைகள் முறைவைத்து எழும்பி நடிக்க, நீங்கள் வாசியுங்கள். தன் கரடியை நாலு பேர் சேர்ந்து உறுமிக் காட்டுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களே பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கதைகளை ஆண்டு விழா மேடையில் ஏற்றாதீர்கள். எதைக் கண்டாலும் மேடையேற்றும் ஆசை நம்மவர்க்கு உண்டு. வீட்டுக் கதவு உடைந்தது மண்டபம் நிறைந்த சனத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

வாயே திறக்காத பிள்ளைக்குப் பேனையைக் கொடுங்கள். பாடிங்டன் கிரீன் சிறுவர் மருத்துவமனையில் 1923 முதல் நாற்பது ஆண்டுகள் வேலை செய்த டாக்டர் டொனால்ட் வினிகாட் ஒரு கிறுக்கல் விளையாட்டு வைத்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு கிறுக்குவார், பிள்ளை அதை ஏதாவதொன்றாக மாற்றும். பிறகு பிள்ளை கிறுக்க அவர் மாற்றுவார். மொழி வேண்டாம். கோடு பாம்பாகிவிட்டால் "இது எங்க போகுது?" என்று ஒரு கேள்வி போதும்.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்

எழுத்தாளர் மைக்கல் ரோஸன் 1946இல் பிறந்தது நம் சனம் நிறைந்திருக்கும் ஹாரோவில்தான். அவருடைய மகன் எடி 1999இல், பதினெட்டு வயதில், மூளைக்காய்ச்சலால் இறந்துபோனான். அந்தத் துக்கத்தை வைத்து அவர் எழுதி, குவென்டின் பிளேக் படம் வரைந்த 'சேட் புக்' 2004இல் வந்தது. முதல் படத்தில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். அது நடிப்பு, உள்ளே துக்கம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த ஒரு பக்கமே போதும். செத்தவீட்டைப் பிள்ளைகளுக்கு மறைக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! "இவர் ஏன் சிரிக்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். கடைசிவரை வாசிக்க வேண்டும் என்றில்லை. அண்மையில் இழவு நடந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், முதலில் தாய் தகப்பனிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுங்கள்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்த பிள்ளைக்கு ஜாக்குலின் வில்சனின் 'த சூட்கேஸ் கிட்' (1992). ஒரு கிழமை அம்மா வீடு, ஒரு கிழமை அப்பா வீடு என்று அலையும் ஆண்டி என்ற சிறுமியின் கதை. ராடிஷ் என்ற சின்னப் பொம்மை முயல்தான் அவளுக்குத் துணை. பிரிவை வெளியே சொல்லாத சமூகம் நம்முடையது. "தமிழ்க் கொப்பி மற்ற வீட்டில கிடக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் தண்டனை கொடுக்காமல், பள்ளிக்கூட அலுமாரியிலேயே இரண்டாவது கொப்பி ஒன்றை வைத்துவிடுங்கள். சில நேரம் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

உறவினர் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பிள்ளைக்கும் புதிதாக வந்த பிள்ளைக்கும் பாடிங்டன் கரடி. போர்க்காலத்தில் கழுத்தில் பெயர்ச்சீட்டோடு ரயில் நிலையங்களில் நின்ற லண்டன் பிள்ளைகளை நினைத்துத்தான் மைக்கல் பாண்ட் 1958இல் அந்தக் கரடிக்கும் ஒரு சீட்டு மாட்டினார். எல்லோரும் மார்மலேட்டையே பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் மிஸ்டர் குரூபரைப் பிடியுங்கள். போர்ட்டபெல்லோ வீதியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஹங்கேரிக்காரர், தானும் ஊர்விட்டு வந்தவர், கரடியோடு உட்கார்ந்து கொக்கோ குடிப்பவர். "உங்களுக்கு ஆர் குரூபர்?" என்று கேட்டு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பெயர் வந்தால் நல்லது. வெறும் தாள் வந்தால், அந்தப் பிள்ளைமேல் கூடுதலாக ஒரு கண் வைக்க வேண்டும்.

வாடகை கட்ட முடியாமல் வீடு மாறிய பிள்ளைக்கு டாம் பெர்சிவலின் 'தி இன்விசிபிள்' (2021) இருக்கிறது. அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைக்குப் பொருத்தமான புத்தகம் என் கைக்கு இதுவரை அகப்படவில்லை. அதற்கு நீங்களே ஒரு கதை கட்டுங்கள். லண்டனில் பிள்ளைகளோடு வேலை செய்யும் மார்கோ சன்டர்லண்ட் கதையை மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவரிடம் நான் எடுத்துக்கொண்டது இது: பிரச்சினை அதுவாகவே இருக்கட்டும், இடத்தை மட்டும் தூரத்தில் வையுங்கள். கடிதம் வாசிக்கும் சிறுமி வேண்டாம். காட்டில் எல்லா மிருகத்துக்கும் சேதி சுமக்கும் ஒரு மைனா இருக்கட்டும். அதற்குத் தொண்டை நோகட்டும். முடிவில் மந்திரம் போட்டுத் தொண்டையை ஆற்றிவிடாதீர்கள். ஒரு பெரிய பறவை வந்து பாதிச் சேதியை வாங்கிக்கொள்ளட்டும், அவ்வளவுதான். பிள்ளைக்குப் பொய் முடிவு உடனே தெரிந்துவிடும்.

2017இல் பிரிட்டனில் வெளியான சிறுவர் நூல்களில் சிறுபான்மை இனப் பாத்திரம் ஒன்றாவது இருந்தவை 4 சதவீதம், முதன்மைப் பாத்திரமாக இருந்தவை 1 சதவீதம் என்று தொடக்கக் கல்விக்கான லண்டன் எழுத்தறிவு மையம் கணக்கெடுத்துச் சொன்னது. பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. இருந்தாலும் நம் நிறத்து முகம் உள்ள புத்தகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நோகிற விஷயத்தில் கரடியும் முயலும் சில வேளை நல்லது.

நாம் வைத்தியர் அல்ல

ஒரு கதையில் நாலு கொலை விழுந்ததும் பதறாதீர்கள். ஏழு வயதுக் கதைகளில் கொலை விழாவிட்டால்தான் அதிசயம். அன்னா ஃப்ராய்ட் மையத்திலும் க்ரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையிலும் ஜில் ஹோட்ஜஸும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். கதையின் தொடக்கத்தைப் பொம்மைகளால் காட்டுவார்கள். உதாரணமாக, ஒரு குட்டிப் பன்றி கூட்டத்தை விட்டு நடந்து போய் வழி தவறிவிடுகிறது. "அடுத்து என்ன?" என்று பிள்ளை முடிக்க வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களே, ஒன்றல்ல, பல கதைகளை வீடியோவில் பதிந்து பார்த்துத்தான் ஏதும் சொல்கிறார்கள். ஆகவே சனிக்கிழமை ஒரு கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதும் வேலை நமக்கு வேண்டாம். பல கிழமைகளாக ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறதா, அதில் பெரியவர்கள் எப்போதாவது உதவுகிறார்களா, இல்லை எப்போதும் நித்திரையா, இவ்வளவையும் கவனித்துத் திகதியோடு குறித்து வைத்தால் போதும்.

பிள்ளை கதையை விட்டு இறங்கி, தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் எல்லாம் மாறுகிறது. "ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு உதவக்கூடிய ஆளிட்ட சொல்லத்தான் வேணும்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். துருவிக் கேட்காதீர்கள், "மாமா அடிச்சவரோ?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அதே சொற்களில், நேரத்தோடு எழுதி, அன்றைக்கே உங்கள் பள்ளியின் சேஃப்கார்டிங் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். காகத்தின் கதை சொன்ன பிள்ளைக்கு நான் செய்ததும் அதுதான். சந்தேகம் சின்னதாக இருந்தாலும் சொல்லி வைத்தேன். உங்கள் பள்ளிக்கு அப்படியொரு பொறுப்பாளர் இல்லையென்றால் முதல் வேலையாக நிர்வாகக் குழுவில் அதைக் கேளுங்கள். தாயைக் கார் பார்க்கில் மறித்து "உங்கட பிள்ளை இப்பிடிச் சொல்லுது" என்று தொடங்காதீர்கள். கோயிலில் கண்டாலும் பேசாதீர்கள். பிள்ளை பயப்படும் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஆலோசனை வேண்டுமானால் என்எஸ்பிசிசி 0808 800 5000. பிள்ளைகள் தாங்களே இலவசமாகக் கூப்பிட சைல்ட்லைன் 0800 1111. இந்த இலக்கத்தை வகுப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள். உயிராபத்து என்றால் 999.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க அவசரப்படாதீர்கள். பதட்டம், துக்கம், கேலி போன்றவற்றுக்கு ஏற்ற சிறுவர் நூல்களைத் தெரிந்தெடுத்த 'ரீடிங் வெல்' என்ற பட்டியல் 2020இலிருந்து இங்கிலாந்து நூலகங்களில் இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த நூல்களுக்கு லண்டன் மன்ட்ரா லிங்குவாவையும் சென்னைத் தூலிகாவையும் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். அச்சடிக்கும்போது கடைசிப் பக்கத்தில் பயிற்சிக் கேள்விகள் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.