பின்னாலிருந்து தள்ளியவர்கள்

ஒரு காணொளி விளையாட்டை முடித்ததும் திரையில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும். விளையாடுபவர்களில் பலர் அதைப் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுகின்றனர். பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். அட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். பட்டியலிலோ வேறு பல ஸ்டுடியோக்களின் பெயர்களும் வரிசையாக வரும். அவற்றுள் சில, விளையாட்டுச் சாதனத்தைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கே சொந்தமானவை. தம்மைச் சேராத ஒரு நிறுவனத்தின் விளையாட்டுக்காக அவை ஏன் உழைக்கின்றன?

இதற்கு விடை காண, இத்துறை இயங்கும் முறையை அறிய வேண்டும். சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் விளையாட்டுச் சாதனங்களை விற்கின்றன. நல்ல விளையாட்டுகள் இல்லையென்றால், எவ்வளவு திறன்மிக்க சாதனமும் கடை அலமாரியிலேயே தூங்கும். அதனால் இந்நிறுவனங்கள் சொந்த ஸ்டுடியோக்களை நடத்துகின்றன. ஆயினும், தேவையான விளையாட்டுகள் அனைத்தையும் அவற்றால் மட்டுமே உருவாக்கிவிட முடியாது. வெளி நிறுவனங்களின் கற்பனையும் உழைப்பும் தேவைப்படுகின்றன. அத்தகைய நிறுவனங்களுக்குக் கைகொடுப்பதற்கென்றே சில பிரிவுகள் உள்ளன. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் சோனி அமைத்த ‘எக்ஸ்டெவ்’ அவற்றுள் ஒன்று. பாரிஸ் நகர நிறுவனம் உருவாக்கிய ‘ஹெவி ரெயின்’, ஹெல்சிங்கி நகர நிறுவனம் உருவாக்கிய ‘ரிட்டர்னல்’ ஆகிய விளையாட்டுகளுக்கு அது துணைநின்றது.

இந்த உதவி பல வகைப்படும். முதலாவது, சாதனத்தைப் பற்றிய அறிவு. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 இதற்கு நல்ல சான்றாகும். ‘செல்’ எனப்பட்ட அதன் சில்லுக்குள், கணிப்பு வேலையை ஒரு முதன்மைப் பகுதியும் பல சிறு பகுதிகளும் பங்கிட்டுக்கொண்டன. சிறு பகுதி ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகமே இருந்தது. வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தால்தான் அவை விரைந்து இயங்கும். இல்லையேல் சும்மா கிடக்கும். பழைய முறையில் நிரல் எழுதிப் பழகியவர்கள் திணறினர். சோனியின் பொறியாளர்கள் ‘எட்ஜ்’ என்னும் நிரல் தொகுப்பை உருவாக்கி, வெளி நிறுவனங்களும் பயன்படுத்தக் கொடுத்தனர்.

தொழில்நுட்பம் மட்டும் போதாது. நடிகர்களின் உடலசைவுகளைக் கணினியில் பதிவுசெய்வது, பிழைகளைச் சோதித்துக் கண்டறிவது, வசனங்களைப் பல மொழிகளில் பெயர்ப்பது ஆகியவையும் இப்பணியில் அடங்கும். இவற்றோடு ஒரு தயாரிப்பாளரும் வெளி நிறுவனத்தினருடன் தொடர்ந்து பணியாற்றுவார். வேலை தடம் மாறும்போது எடுத்துச் சொல்வதும், பணம் கொடுத்த தலைமையகத்தின் ஐயங்களுக்கு விடை சொல்வதும் அவர் பொறுப்பாகும். இப்பணி எவ்வளவு கடினமானது என்பதை ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்னும் விளையாட்டின் கதை உணர்த்துகிறது.

தோக்கியோவில் இயங்கும் ஃப்ரம்சாப்ட்வேர் 1986இல் தொடங்கப்பட்ட நிறுவனம். தொடக்கத்தில் அது அலுவலக மென்பொருள்களைத் தயாரித்தது. பின்னர், 1994இல் ‘கிங்ஸ் ஃபீல்ட்’ என்னும் தன் முதல் காணொளி விளையாட்டை வெளியிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, சோனிக்குச் சொந்தமான ஜப்பான் ஸ்டுடியோவுடன் இணைந்து, பிளேஸ்டேஷன் 3க்காக ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கியது. சோனியின் தரப்பில் கஜி தகேஷி தயாரிப்பாளராக இருந்தார். ஆனால், பணி சரியாக நகரவில்லை. நிறுவனத்துக்குள்ளேயே அது தோல்வி என்று பேசப்பட்டது. அந்நிலையில் மியாசாகி ஹிதெதகா என்னும் இளம் இயக்குநர் தாமாக முன்வந்து பொறுப்பேற்றார். ஏற்கெனவே தோல்வி என்று முடிவு கட்டப்பட்ட ஒன்றில் துணிந்து புதியதைச் செய்து பார்க்கலாம். தவறினாலும் யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

அவர் உருவாக்கிய விளையாட்டு மிகக் கடினமானது. ஆட்டக்காரர் மடிந்தால் அதுவரை சேர்த்தவற்றை இழப்பார். விழுந்த இடத்துக்கு மீண்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் அவற்றை மீட்கலாம். ஆயினும், அதில் ஒரு புதுமை இருந்தது. ஒருவர் தாம் கண்ட ஆபத்தைப் பற்றித் தரையில் ஒரு குறிப்பை எழுதி வைக்கலாம். உலகின் வேறொரு மூலையில் அதே விளையாட்டை விளையாடுபவர் அதைப் படித்துத் தப்பிக்கலாம். குறிப்பு பயன்பட்டது என்று அவர் பரிந்துரைத்தால், எழுதியவரின் உயிர்நிலை உயரும். இருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள்.

இந்த எண்ணம் மியாசாகிக்குத் தம் அனுபவத்திலிருந்து கிடைத்தது. ஒருமுறை கடும்பனியில் அவருடைய கார் ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றது. முன்னும் பின்னும் இருந்த கார்களுக்கும் அதே நிலைதான். பின்னால் வந்த கார்கள் முன்னால் நின்றவற்றை முட்டித் தள்ளின. அவ்வாறே ஒவ்வொன்றாக மேடேறின. மேலே சென்றவரால் நின்று நன்றி சொல்ல முடியவில்லை. நின்றால் மீண்டும் சிக்கிக்கொள்ளும் நிலை. தள்ளியவர் யார் என்று தெரியாமலேயே பயணம் தொடர்ந்தது.

மியாசாகிக்குக் கிடைத்த அத்தகைய உதவி அவருடைய விளையாட்டுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு தோக்கியோ விளையாட்டுக் கண்காட்சியில் அது வரவேற்பைப் பெறவில்லை. சோனியின் உலகளாவிய ஸ்டுடியோக்களின் தலைவராக இருந்த யோஷிடா ஷுஹெய் ஏறத்தாழ 2 மணிநேரம் விளையாடியும் தொடக்கப் பகுதியைத் தாண்ட முடியவில்லை. அது மோசமான விளையாட்டு என்றே அவர் கருதினார். 2009 பிப்ரவரியில் ஜப்பானில் அதை வெளியிட்ட சோனி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட முன்வரவில்லை.

பிறகு நடந்தது பலருக்கும் வியப்பளித்தது. ஆசியச் சந்தைக்கான பதிப்பில் ஆங்கிலமும் இடம்பெற்றிருந்தது. மேலைநாட்டு இளைஞர்கள் அதை ஆசியாவிலிருந்து வரவழைத்து விளையாடினர், நண்பர்களிடமும் சொன்னார்கள். அட்லஸ் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2010இல் நம்கோ பண்டாய் வெளியிட்டது. அமெரிக்காவின் ‘கேம்ஸ்பாட்’ அதை 2009ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது.

‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்னும் பெயரின் உரிமை சோனியிடம் இருந்தது. எனவே, ஃப்ரம்சாப்ட்வேர் தன் அடுத்த படைப்புக்கு ‘டார்க் சோல்ஸ்’ என்று புதுப்பெயர் சூட்டியது. 2011இல் வெளிவந்த அவ்விளையாட்டு, சோனியின் சாதனத்தோடு போட்டி நிறுவனமான மைக்ரோசாப்டின் சாதனத்திலும் இயங்கியது. தன் ஸ்டுடியோ தோள் கொடுத்து வளர்த்த ஒன்றை நம்பாமல் விட்டதால், சோனி ஒரு நல்வாய்ப்பை இழந்தது. தம் கணிப்பு தவறு என்பதை யோஷிடா பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதன்பின் சோனி மீண்டும் ஃப்ரம்சாப்ட்வேரை நாடியது. ஜப்பான் ஸ்டுடியோவின் துணையுடன் 2015இல் ‘பிளட்போர்ன்’ வெளிவந்தது. இம்முறை உலகெங்கும் அதை வெளியிட்டது சோனியே.

உதவியவர்களின் நிலை என்ன? மியாசாகி 2014இல் தம் நிறுவனத்தின் தலைவரானார். அவர் பெயர் உலகெங்கும் அறியப்பட்டது. ஜப்பான் ஸ்டுடியோவோ 2021 ஏப்ரலில் மறுசீரமைக்கப்பட்டு, அந்தப் பெயரில் இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதன் ஊழியர்களில் பலரை ஆட்டக்காரர்கள் அறியமாட்டார்கள். ஆயினும், அவர்கள் உழைப்பு அந்த விளையாட்டுகளில் இன்னும் இருக்கிறது.

துணைநிற்கும் இப்பணி இன்று நம் வட்டாரத்துக்கும் வந்துள்ளது. சோனி தென்கிழக்காசியாவில் தன் முதல் ஸ்டுடியோவை 2020இல் கோலாலம்பூரில் தொடங்கியது. அங்குள்ள கலைஞர்கள் வேறு ஸ்டுடியோக்களின் விளையாட்டுகளுக்கு ஓவியம், அசைவூட்டம் போன்ற பணிகளைச் செய்து தருகின்றனர். அவர்கள் செதுக்கிய ஒரு கதவையோ கல்லையோ ஆட்டக்காரர் கவனிக்காமல் கடந்து போகலாம். ஆனால், அந்தக் கதவு இல்லாமல் அவர் அடுத்த அறைக்குப் போக முடியாது. அடுத்த முறை பெயர்ப்பட்டியல் ஓடும்போது பொத்தானை அழுத்தாமல் சற்றுப் பொறுத்திருந்தால், அவர்களின் பெயர்களும் கண்ணில் படும்.

சிந்தித்துக் கூறுக

1. விளையாட்டுச் சாதனத்தைத் தயாரிக்கும் நிறுவனம் வெளி நிறுவனங்களுக்கு உதவ வேண்டிய தேவை என்ன?

2. பனிமேட்டு அனுபவத்துக்கும் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ விளையாட்டில் இடம்பெற்ற குறிப்புகளுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

3. யோஷிடா தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதைப் பற்றி உம் கருத்து என்ன? காரணத்துடன் கூறுக.