உருளும் பந்தும் ஊரவைக் குடமும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. ஊரவையின் வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. உறுப்பினராகத் தக்கவர் யார் என்பதை மட்டும் கூறி அவ்விதிகள் அமையவில்லை. ஓலையிட்ட குடத்தை அவையோர் யாவரும் காணத் தூக்கிக் காட்டுதல் வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுத்தல் வேண்டும். அதனை வாங்குவோர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். மறைவுக்கு இடமளித்தால் நேர்மைக்கு இடமிராது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

மாணவர்களே! ஆட்சிக்குரிய இவ்வுண்மை ஆடுகளத்திற்கும் உரியதே. 'பௌலிங்' எனப்படும் பந்துருட்டு விளையாட்டைச் சான்றாகக் கொள்வோம். இது கிரிக்கெட்டில் பந்து வீசுதல் அன்று. நீண்ட மரத்தளத்தில் கனத்த பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோணமாக நிறுத்திய 10 கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். 1978-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது முதன்முறையாக இடம்பெற்றது. நம் நாட்டிலும் இதற்குத் தேசியப் போட்டிகள் நடைபெறுகின்றன.

காண்பதற்கு எளிய இவ்வாட்டத்தின் விதிகளோ மிக நுண்ணியவை. எல்லைக் கோட்டிலிருந்து முதற் கட்டை நிற்கும் இடம் சரியாக 60 அடி. கட்டையின் உயரம் 15 அங்குலம். பந்தின் எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது. தளத்தின் அகலத்தில் காணும் மேடுபள்ளம் ஓர் அங்குலத்தில் நூற்றில் நான்கு பங்கைத் தாண்டலாகாது. பந்தை உருட்டுபவர் கால் எல்லைக் கோட்டைத் தீண்டினால், அம்முறை வீழ்ந்த கட்டைகள் கணக்கில் சேரா. போட்டி தொடங்கியபின் பந்தின் மேற்பரப்பைத் தேய்த்து மாற்றுதலும் கூடாது.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என நீங்கள் வினவலாம். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க வீரர் டான் மெக்கியூன், நெகிழிப் பந்தை வேதிநீர்மத்தில் ஊறவைத்து மென்மையாக்கி ஆடினார். மென்மையான பந்து தளத்தை நன்கு பற்றி வளைந்து சென்றது. அவ்வாண்டு அவர் ஆறு பட்டங்கள் வென்றார். அதனைத் தடுக்கும் விதி அந்நாளில் இன்மையால், அவரைக் குற்றவாளி என்றல் தகாது. ஆயினும் அதன்பின் பந்துக்குக் குறைந்த அளவுக் கடினத்தன்மை விதிக்கப்பட்டது. வெற்றி ஊறவைத்த நீர்மத்தால் வந்ததா, கைத்திறனால் வந்ததா என்னும் ஐயம் எழாதிருத்தற்கே அவ்விதி.

உத்திரமேரூர் அவையோரும் இவ்வாறே செய்தனர். 919-இல் வகுத்த விதிகளோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவற்றை விரித்துத் திருத்தினர். பட்டறிவு புதிய குறையைக் காட்டும்போது விதியைச் செப்பஞ்செய்தல் இழுக்கன்று, செய்யாமையே இழுக்கு.

விதி, ஆட்டத்தின் இன்பத்தைக் கெடுப்பது எனச் சிலர் எண்ணுவர். உண்மையில் அதுவே வெற்றிக்கு மதிப்பளிப்பது. ஒரே அளவுள்ள தளத்தில், ஒரே வரம்புக்குட்பட்ட பந்தால் வென்றவனை, தோற்றவனும் மனமுவந்து பாராட்டுவான். ஆகவே, நீங்கள் ஆடுகளம் புகும்போதும், பின்னாளில் அவையேறும்போதும், விரித்த கையினராகவே செல்லுங்கள்.