தொட்டிலிலே கண்புரை



கண்புரை முதியோருக்கு மட்டும் வருவதல்ல. புரையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. கண்மணியின் நடுவே வெண்மை தெரியும். குழந்தை தாயின் முகத்தைப் பார்க்காது. "கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வதே எங்களுக்குப் பெருந்துக்கம். தாத்தாவின் கண் ஓராண்டு காத்திருக்கும். அவருடைய மூளை என்றோ பார்க்கப் பழகிவிட்டது. குழந்தையின் மூளையோ முதல் வாரங்களில்தான் பார்க்கக் கற்கிறது. எனவே அடர்ந்த புரையை 6 முதல் 8 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. தாமதித்தால், புரை நீங்கியும் பார்வை மங்கலாகவே நின்றுவிடும்.

சில குழந்தைகளுக்கு இது பரம்பரையாய் வருகிறது. தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லாவும் காரணம் என்பதை 1941-ல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். தமிழ்நாட்டில் அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017-ல் நடந்தது.

அறுவைக்கு மனமுவந்து கொடுக்கிறீர்கள், ஸ்தோத்திரம். கண்ணாடியைத்தான் பலர் நினைப்பதில்லை! சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் உடனே செயற்கை லென்ஸ் வைப்பதில்லை, தடித்த கண்ணாடிதான். கண் வளர வளர அதையும் மாற்ற வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்க வேண்டும். அழுகிற பிள்ளையோடு தாய் படும் பாடு சொல்லி முடியாது.

உங்கள் சபையில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது கண்மணியையும் பாருங்கள். வெண்மை தெரிந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.