விஞ்ஞானியின் சிந்தனை முறை

விஞ்ஞானம் என்றவுடன் நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவன இரயில் வண்டியும், மின்விளக்கும், மருந்தூசியுமே. அவை விஞ்ஞானத்தால் விளைந்த பயன்கள். அவையே விஞ்ஞானம் ஆகா. ஒன்றை உண்மையென்று கொள்ளுமுன் அதனைச் சோதித்துப் பார்க்கும் முறையே விஞ்ஞானம். அம்முறையை அறியாது விஞ்ஞான நூல்களை நெட்டுருச் செய்பவன், பழைய குருவின் வாக்கை விட்டுப் புதிய குருவின் வாக்கைப் பற்றிக்கொண்டவனே ஆவான். அம்முறையை விளங்கிக்கொள்ளும் பொருட்டு, பிரெஞ்சு வானநூல் அறிஞர் லெவெரியே செய்த இரண்டு கணக்குகளை இப்பாடத்தில் ஆராய்வோம். ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது.

1. வென்ற கணக்கு

1781ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் என்னும் கிரகத்தைக் கண்டுபிடித்தார். நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு அதன் பாதையை வகுத்தனர் வானநூலார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அக்கிரகம் கணக்கிட்ட இடத்தினின்றும் சிறிது சிறிதாக விலகிக் காணப்பட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம்: நியூட்டனின் விதி அவ்வளவு தொலைவில் பிழைபடுகிறது, அல்லது நம் கண்ணுக்குப் படாத வேறொரு கிரகம் யுரேனஸை ஈர்க்கிறது.

லெவெரியே இரண்டாவதைக் கொண்டார். கொண்டதோடு நில்லாது, அக்கிரகம் வானில் எவ்விடத்தில் இருத்தல் வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பெர்லின் வானாராய்ச்சி நிலையத்திலிருந்த யோஹான் கல்லே என்பவர்க்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு கல்லே தொலைநோக்கியைத் திருப்பினார். கூறிய இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூன் இருந்தது. இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பவரும் தனித்து இத்தகைய கணக்கைச் செய்திருந்தார். லெவெரியேயின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது.

2. தோற்ற கணக்கு

பின்னர் அவர் புதன் கிரகத்தை ஆராய்ந்தார். புதன் சூரியனை மிக நெருங்கி வரும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நகர்கின்றது. பிற கிரகங்களின் ஈர்ப்பையெல்லாம் கணக்கிட்ட பின்னும், நூறாண்டுக்கு ஏறத்தாழ 40 விகலை நகர்ச்சிக்குக் காரணம் புலப்படவில்லை. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கே விகலை. அவ்வேகத்தில் ஒரு பாகை நகரவே எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். இத்துணைச் சிறு பிழையையும் அவர் புறக்கணிக்கவில்லை என்பது நாம் கருதத் தக்கது.

முன்பு வெற்றி தந்த வழியிலேயே அவர் சென்றார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே காணாத கிரகம் ஒன்று உண்டு என்று 1859இல் கருதினார். அவ்வாண்டிலேயே லெஸ்கார்போ என்னும் நாட்டுப்புற வைத்தியர், சூரியனைக் கரும்புள்ளியொன்று கடந்து செல்லக் கண்டதாக எழுதினார். லெவெரியே நேரிற் சென்று வினவி, மனம் தெளிந்தார். கிரகத்திற்கு வல்கன் எனப் பெயரும் இட்டனர்; வைத்தியர்க்கு அரசாங்க விருதும் கிடைத்தது.

ஆனால் வல்கன் மட்டும் கிடைக்கவில்லை. 1878ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது இருவர் அதனைக் கண்டதாகக் கூறினர். அவ்விருவர் குறித்த இடங்கள் ஒத்துவரவில்லை. அதே கிரகணத்தை நோக்கிய ஏனையோர் அதனைக் காணவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரகணங்களின்போது எடுத்த நிழற்படங்களிலும் அது அகப்படவில்லை. கண்டுபிடித்தவர் நெப்டியூனை அறிந்த பேரறிஞர் என்பதற்காக வானநூலார் தேடிச் சோதிப்பதைக் கைவிடவில்லை. தேடியும் கிடைக்காததை முடிவில் உண்டென்று கொள்ளவும் இல்லை. லெவெரியே 1877இலேயே காலமானார்.

3. விடை கிடைத்த வகை

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைப் பற்றிய புதிய கொள்கையை முடித்தார். அதன்படி கணக்கிட்டால், புதிய கிரகம் எதுவும் வேண்டாமலே நூறாண்டுக்கு 43 விகலை தானே வந்தது. யுரேனஸின் செய்தியில் விதி சரி, கிரகமே குறை. புதனின் செய்தியில் கிரகம் இல்லை, விதியே குறை.

ஐன்ஸ்டைனின் சொல்லையும் உலகம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சூரியன் அருகே செல்லும் விண்மீன் ஒளி இவ்வளவு வளையும் என்று அவர் முன்னரே கூறியதை, 1919 மே 29ஆம் நாள் கிரகணத்தில் அளந்து பார்த்தனர். அதன்பின் நியூட்டனின் விதியைப் பொய்யென்று எறிந்துவிடவும் இல்லை. அதன் எல்லை எதுவென அறிந்தனர். அவ்வெல்லைக்குள் அது இன்றும் பயன்படுகின்றது.

4. நாம் கொள்ள வேண்டுவன

முதலாவது, விஞ்ஞானி தன் கருத்தைப் பிறர் சோதிக்கத் தக்கவாறு சொல்கிறான். "வானில் எங்கோ ஒன்று உண்டு" என்று லெவெரியே சொல்லவில்லை. இன்ன இடத்தில் பார் என்றார். பொய்யாவதற்கு இடங்கொடாத சொல் மெய்யென நிறுவப்படவும் மாட்டாது.

இரண்டாவது, நேற்றைய வெற்றி இன்றைய சான்று ஆகாது. ஒருமுறை பலித்த வழி மறுமுறையும் பலிக்கும் என்னும் ஆசை அறிஞரையும் மயக்கும். கண்டேன் என்று நேர்மையாளர் சொல்வதும் பிறர் கண்ணாலும் உறுதிப்பட வேண்டும்.

மூன்றாவது, சொன்னவர் யார் என்பதன்று, சொன்னது நிற்கின்றதா என்பதே வினா. பெரியோர் சொன்னார், நூலில் உள்ளது, தலைமுறை தலைமுறையாக வருகின்றது என்னும் மூன்று சொற்களால் நம் முன்னோர் எத்துணைக் காலம் தாழ்த்தி வைக்கப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். காலாமர்க்குப் பகவன் உரைத்த அறிவுரை ஒழுக்கத்தைப் பற்றியது, கிரகங்களைப் பற்றியதன்று. எனினும் அதனைப் பயின்றவர்க்கு இவ்வினா புதிதன்று. பிறர் நம்பிக்கையை நோக்கி மட்டும் இதனைக் கேட்டல் எளிது. நமக்கு உவப்பான கருத்துகளையும் நோக்கிக் கேட்கும்போதுதான் நாம் இம்முறையைக் கற்றவர் ஆவோம்.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நெப்டியூனைத் தந்த அதே வழி வல்கனைத் தராமைக்குக் காரணம் யாது?
2. நாள்தோறும் நாம் கேட்கும் சோதிடக் கூற்று ஒன்றை எடுத்துக்கொள்க. அது பொய்யாவதற்கு இடங்கொடுக்கின்றதா?
3. நாம் ஒவ்வொருவரும் சோதியாது நம்பிவரும் கருத்து ஒன்றைக் கூறி, அதனைச் சோதிக்கும் வழியையும் கூறுக.