பாஷையும் ஒரு முதல்தான்

ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சாமான் வாங்க வந்த நாளில் நமக்குத் தமிழே போதுமாயிருந்தது. மற்றவர்களுக்குக் கடைத்தெரு மலாய் போதும் என்று நானும் எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஈப்போவிலுள்ள என் கடைக்கு மலாயில் ஒரு கடிதம் வந்தது. பேசத் தெரிந்த எனக்கு வாசித்துப் பொருள் கொள்ளத் தெரியவில்லை. கல்லாவில் போட்டு வைத்தேன். தவணை கடந்து அபராதம் கட்டினேன். குற்றம் என்னுடையதே.

மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவைப் பாருங்கள். தமிழரும் அரபியரும் அவருடைய முன்னோர். கணக்குக்கும் வியாபாரிகளிடம் பேசவும் உதவுமென்று, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அக்காலத்தில் அங்கே தமிழ் படிப்பது வழக்கம். அவருடைய தகப்பனாரும் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். பின்பு கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து, அவர்களிடம் ஹிந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்று அழைத்தவர்களும் அவர்களே. மலாயை எழுத்தோடு கற்றதால் வெள்ளைக்காரருக்கே ஆசிரியரானார். அவருடைய 'ஹிக்காயத் அப்துல்லா' 1849-ல் அச்சேறியது.

மலாய் நமக்கு முற்றும் அந்நியமல்ல. 'கெடாய்' நம் கடை. 'காப்பால்' நம் கப்பல்.

ஆகவே தினமும் கடை திறந்ததும் மலாய்ப் பத்திரிகையில் ஐந்து வரி வாய்விட்டு வாசியுங்கள். தெரியாத சொல்லைப் பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். வரும் மலாய் வாடிக்கைக்காரரிடம் பொருள் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். அபராதத்தைவிட அது மலிவு.